தம் பெயரைத் தாமே எழுதிய புலவர்: ஓட்ரி லோர்ட் அம்மையார்

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் பறங்கியர் இல்லங்களிலே மணவிழா நிகழும்பொழுது, வயலின் இசைக்கு இயைய ஆடப்பெறும் ஆடல் ஒன்று உண்டு. கபிரிஞ்ஞா என்பது அதன் பெயர். போர்த்துக்கேயர் காலந்தொட்டு ஆபிரிக்கக் கரையிலிருந்து இந்நாட்டிற்குக் கொணரப்பட்ட கறுப்பின மக்களைக் காப்பிரியர் என வழங்கினர். அச்சொல்லின் அடியாகவே ஆடலின் பெயரும் பிறந்தது என்பர். மணவீட்டில் அவ்வாடலைக் கண்டு மகிழ்வோருள் எத்துணைப் பேர் அப்பெயரின் பின்னே நிற்கும் மக்களை நினைக்கின்றனர்?

கிழக்கே நம் கரைக்கு வந்தோர் சிலரே. மேற்கே அத்திலாந்திக் கடலைக் கடத்தி அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டோரோ ஏறத்தாழ 125 இலட்சம் பேர். அவர்தம் வழித்தோன்றல்களுள் ஒருவராகப் பிறந்து, ஆங்கில மொழியிலே அழியாப் பாக்களை யாத்து, இனத்தால் கறுப்பினத்தவரும் பாலால் பெண்ணும் அன்பால் பெண்ணை விரும்புபவருமாகிய தம் நிலையை உலகின் முன் ஒளியாது உரைத்தவர் ஓட்ரி லோர்ட் அம்மையார். அவர்தம் வாழ்க்கையை மாணாக்கரும் ஆசிரியரும் அறிதல் நன்று எனக் கருதி ஈண்டு எழுதுகின்றேன்.

பிறப்பும் பெயரும்

அம்மையார் 1934 ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 18 ஆம் நாள் நியூயோர்க் மாநகரிலே, கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் கரிபியக் கடலிலுள்ள பார்படோஸ் தீவினர். தாயார் கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கூ என்னும் சிறு தீவினைத் தம் தாயகமாகக் கொண்டவர். மூன்று பெண்மக்களுள் இளையவர் ஓட்ரி.

குழந்தைக்குப் பார்வை மிகக் குறைவு. அண்மையிலுள்ள பொருளும் மங்கலாகவே தோன்றும். நான்கு வயதுவரை பேச்சும் வரவில்லை. அந்நிலையில் ஹார்லெம் நூலகத்திலே ஒகஸ்டா பேக்கர் என்னும் கறுப்பின நூலகர் ஒருவர் அவரைத் தம்மருகே இருத்திக் கதைநூல்களைப் படித்துக் காட்டினார். அன்றே தானும் படிக்க வேண்டும் என்னும் வேட்கை குழந்தையின் உள்ளத்தில் எழுந்தது. பேச்சும் எழுத்தும் ஏறத்தாழ ஒருங்கே அவருக்கு வாய்த்தன. பிற்காலத்தில் அவர் நூலகராகவே தொழில் புரிந்ததற்கு இந்நிகழ்ச்சியே வித்தாயிற்று எனலாம்.

பெற்றோர் இட்ட பெயரின் ஈற்றிலே வரிக்குக் கீழே வால்போல் தொங்கும் ஆங்கில எழுத்து ஒன்று இருந்தது. எழுதப் பழகிய சிறுமி அவ்வெழுத்தை விரும்பாது நீக்கிவிட்டார். பெயரும் குடிப்பெயரும் ஒரே எழுத்தில் முடிந்து ஒத்து நின்றமை அவருக்கு உவப்பளித்தது. பிறர் இட்ட பெயரையும் தாம் ஆய்ந்தே ஏற்பது என்னும் இயல்பு இளமையிலேயே அவரிடம் அமைந்திருந்ததற்கு இஃது ஒரு சான்று.

தலைநகர் கண்ட காட்சி

1947 ஆம் ஆண்டிலே ஓட்ரி எட்டாம் வகுப்பை நிறைவு செய்தார். அம்மகிழ்ச்சியைக் கொண்டாடப் பெற்றோர் மக்களை அழைத்துக்கொண்டு தலைநகராகிய வாஷிங்டனுக்குச் சென்றனர். வெண்பளிங்கு மாளிகைகளைக் கண்டு களைத்தபின், ஐஸ்கிரீம் உண்ண ஒரு கடையுள் நுழைந்து வரிசையாக அமர்ந்தனர். பணிப்பெண் அணுகித் தாழ்ந்த குரலில், வாங்கிச் செல்லலாமேயன்றி அங்கிருந்து உண்ணல் ஆகாது என்றாள். நாட்டின் விடுதலை நாளைக் கொண்டாடும் கோடைக்காலம் அது. அக்கடையோ கறுப்பினத்தவர் அமர்ந்து உண்ணும் உரிமையற்ற கடை.

பெற்றோர் ஒரு சொல்லும் கூறாது எழுந்து வெளியேறினர். தமக்கையரும் வாய் திறந்திலர். ஏதோ தாமே பிழை செய்தவர்போல் அனைவரும் நடந்தனர். ஓட்ரி ஒருவரே கொதித்தார். அவமதித்தவர்மீது எழுந்த சினத்தினும், அதனைப் பேசாதிருந்த தம் குடும்பத்தாரின் மௌனம் அவரை மிகுதியாக வருத்திற்று. தீமையைப் பெயர் சொல்லிச் சுட்டாவிடின் அது நீங்கும் எனப் பெற்றோர் நம்பினர். மகளோ வாழ்நாள் முழுதும் அந்நம்பிக்கையை எதிர்த்தே எழுதினார்.

கல்வியும் தொழிலும்

பன்னிரண்டு வயதளவிலேயே ஓட்ரி பாவியற்றத் தொடங்கினார். எவரேனும் அவர் மனநிலை யாதென வினவின், மனனம் செய்த பாட்டொன்றைக் கூறி அதனாலேயே விடை தருவது அவர் வழக்கம். தம் உணர்வுக்கு ஏற்ற பாட்டு எங்கும் கிடையாதபொழுது தாமே ஒன்றை எழுதினார். ஹண்டர் கல்லூரியைச் சார்ந்த உயர்பள்ளியிலே பயில்கையில் அவர் எழுதிய காதற்பா ஒன்றைப் பள்ளி இதழ் ஏற்க மறுத்தது. நாடெங்கும் பரவிய மகளிர் இதழ் ஒன்று அதனை ஏற்று வெளியிட்டது.

1951 இல் பள்ளிக் கல்வி முடிந்தபின் வறுமை அவரைப் பல தொழில்களிற் செலுத்திற்று. ஸ்டாம்போர்ட் என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலையிலே எக்ஸ் கதிர்க் கருவியின் முன்னமர்ந்து படிகக் கற்களைத் தெரிந்தெடுக்கும் வேலை செய்தார். தக்க காப்பு இன்றியே கறுப்பினப் பெண்கள் அவ்வேலையிற் பணிக்கப்பட்டனர். 1954 இல் மெக்சிக்கோ நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு பயின்றார். கறுப்பு நிறமும் பழுப்பு நிறமும் கொண்ட மக்கள் தெருவெங்கும் தலைநிமிர்ந்து நடந்த அந்நாடு அவருக்குப் புதிய துணிவை அளித்தது. மீண்டு வந்து 1959 இல் ஹண்டர் கல்லூரியில் பட்டமும், 1961 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் நூலகவியற் பட்டமும் பெற்றார்.

இருவகைத் தனிமை

அம்மையார் பெண்ணை விரும்பும் இயல்பினர் என்பதை இளமையிலேயே உணர்ந்தார். இவ்வியல்பினரைக் குறிக்கும் லெஸ்பியன் என்னும் சொல், கிரேக்கத் தீவாகிய லெஸ்போஸின் பெயரிலிருந்து வந்தது. ஏறத்தாழ 2600 ஆண்டுகளுக்கு முன் அத்தீவில் வாழ்ந்த சாப்போ என்னும் பெண்பாற் புலவர் தம் தோழியரை விளித்துப் பாடிய பாக்கள் இன்றும் போற்றப்படுகின்றன. ஒரு புலவரின் பாட்டினால் ஒரு கூட்டத்தார் பெயர் பெற்றமை மொழி வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாம்.

1950களில் நியூயோர்க்கின் கிறீனிச் விலேஜ் பகுதியில் இத்தகைய மகளிர் கூடும் மதுச்சாலைகள் சில இருந்தன. காவலர் எந்நேரமும் புகுந்து பற்றக்கூடும் என்னும் அச்சத்தினிடையே அவர்கள் ஆங்குச் சந்தித்தனர். ஆயினும் வெள்ளை மகளிரை எளிதில் உள்ளே விடும் வாயிற்காவலன் ஓட்ரியைக் கண்டால் வயதுச் சான்று கேட்பான். பெண்ணை விரும்புவோரிடையே அவர் கறுப்பினத்தவராய்த் தனித்தார். கறுப்பினத்தவரிடையேயோ பெண்ணை விரும்புபவராய்த் தனித்தார்.

இத்தனிமை அவர் ஒருவருக்கே உரியதன்று. 1920களில் ஹார்லெமில் வெண்ணிற ஆடவர் உடையும் உயர்ந்த தொப்பியும் அணிந்து பாடிப் பெரும்புகழ் பெற்ற கிளாடிஸ் பென்ட்லி (1907-1960), பிற்காலத்தில் அரசியற் கெடுபிடி மிகுந்தபொழுது தம் பழைய வாழ்வைத் தாமே மறுத்து எழுத நேர்ந்தது. 1959 இல் பிராட்வே அரங்கில் தம் நாடகத்தை ஏற்றிய முதற் கறுப்பினப் பெண்மணியாகிய லொரெயின் ஹான்ஸ்பெரி (1930-1965), பெண்ணை விரும்பும் மகளிர் நடத்திய இதழுக்கு 1957 இல் கடிதம் எழுதியபொழுது, முழுப்பெயரை விடுத்துத் தலையெழுத்துகளை மட்டுமே இட்டார். ஓட்ரி லோர்ட் ஒருவரே தம் முழுப்பெயரையும் முழுநிலையையும் ஒருங்கே வைத்து எழுதத் துணிந்தார்.

மணமும் மக்களும் முதல் நூலும்

1962 இல் எட்வின் ரொலின்ஸ் என்னும் வழக்கறிஞரை அவர் மணந்தார். அவரும் தம் பாலினரை விரும்பும் இயல்பினரே. மகள் ஒருத்தியும் மகன் ஒருவனும் பிறந்தனர். 1970 இல் மணவிலக்கு நிகழ்ந்தது.

1968 ஆம் ஆண்டு அவர் வாழ்வின் திருப்பம். முதற் கவிதை நூலாகிய முதல் நகரங்கள் அவ்வாண்டிலே வெளிவந்தது. அவ்வாண்டே மிசிசிப்பி மாநிலத்திலுள்ள டூகலூ கல்லூரி அவரை ஆறு வாரம் உறைபுலவராக அழைத்தது. கறுப்பின மாணாக்கர் நடுவே அமர்ந்து கவிதை கற்பித்த அந்நாட்களில், நூலகத்தினும் வகுப்பறையே தமக்குரிய இடம் என அவர் தெளிந்தார். ஆங்கே அறிமுகமான உளவியற் பேராசிரியை பிரான்சிஸ் கிளேட்டன் அவருக்கு நெடுநாள் வாழ்க்கைத் துணையாயினார். இருவரும் ஓரில்லத்திலே மக்களை வளர்த்தனர். பின்னர் ஜோன் ஜே கல்லூரியிலும் 1981 முதல் ஹண்டர் கல்லூரியிலும் அம்மையார் ஆசிரியராக விளங்கினார். ஜோன் ஜே கல்லூரி காவற்றுறைக்கும் நீதித்துறைக்கும் உரியோரைப் பயிற்றும் கல்லூரியாகும். துப்பாக்கியை இடையிற் செருகி வகுப்பிற்கு வந்த காவலருக்கும், அவரை அஞ்சி வளர்ந்த தெருவோரத்து இளைஞருக்கும் ஒரே பலகையின் முன்னே அவர் ஆங்கிலம் கற்பித்தார்.

நீக்கப்பட்ட பாட்டு

1973 இல் வெளிவந்த அவர்தம் கவிதைத் தொகுதிக்கென அனுப்பிய பாக்களுள் பெண்ணை விளித்த காதற்பா ஒன்றும் இருந்தது. அதனைக் கண்ட பதிப்பாசிரியர், தாமும் ஒரு கவிஞரே ஆயினும், ஆடவனாகத் தம்மைப் பாவித்துப் பாடினீரோ என வினவினார். அம்மையார், அன்று, பெண்ணாகவே பெண்ணை நேசித்துப் பாடினேன் என விடையிறுத்தார். பாட்டு நூலில் இடம்பெறவில்லை. அம்மையார் வாளாவிருந்திலர். பொதுமக்கள் கூடிய அவையிலே அதனைப் படித்தார். இதழில் அச்சேறியபின், தாம் கற்பித்த கல்லூரியின் ஆங்கிலத்துறைச் சுவரிலே எல்லாரும் காண ஒட்டி வைத்தார்.

இந்நிகழ்ச்சியை முதன்முதற் படித்தபொழுது என் உள்ளம் நாணிற்று. அதன் காரணத்தை மறையாது கூறுகின்றேன். பல்லாண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி தான் எழுதிய விருத்தங்கள் சிலவற்றை என்னிடம் தந்து திருத்தித் தருமாறு கேட்டாள். சீரும் தளையும் குற்றமற நின்றன. ஒரு பாட்டிலே அவள் தோழியை விளித்துக் காதற்றுயர் உரைத்திருந்தாள். தலைவனை விளிக்கக் கருதிச் சொல் தவறினாள் போலும் என எண்ணி, சிவப்பு மையால் விளியை மாற்றி, யாப்புக் கெடாதவாறு தளையையும் சரிசெய்து கொடுத்தேன். அவள் ஏட்டை வாங்கி நெடுநேரம் அவ்வரியை நோக்கினாள். நன்றி ஐயா என்று கூறிச் சென்றாள். அதன்பின் எனக்கு ஒரு பாட்டும் காட்டிலள். நான் திருத்தியது பிழையையன்று என்பதை உணர எனக்கு நெடுங்காலம் வேண்டியிருந்தது.

நம் மரபையும் எண்ணிப் பார்த்தேன். மாணிக்கவாசகரும் நம்மாழ்வாரும் ஆடவராயிருந்தும் தலைவியாகித் தலைவனை நினைந்து உருகினர். அதனைப் பத்தியின் உச்சி எனப் போற்றுகின்றோம். பாடுவோன் பெண்ணாக மாறலாம் என ஏற்கும் நாம், பெண் பெண்ணாகவே நின்று பெண்ணைப் பாடினால் மட்டும் பிழை தேடுகின்றோம். அப்பதிப்பாசிரியர் கேட்ட வினாவை நான் கேட்கவும் இல்லை. கேளாமலே திருத்திவிட்டேன்.

கூட்டமும் குரலும்

1974 இல் அமெரிக்க நாட்டின் தேசிய நூற்பரிசுக்கு ஓட்ரி லோர்ட், அலிஸ் வோக்கர், ஏட்ரியன் ரிச் ஆகிய மூவர் நூல்களும் கருதப்பட்டன. எவர் வென்றாலும் தனித்தொருவர் ஏற்பதில்லை என மூவரும் முன்னரே உறுதி செய்துகொண்டனர். பரிசு ரிச் அம்மையாருக்கு வந்தது. குரலற்ற எல்லாப் பெண்கள் சார்பிலும் மூவர் பெயராலும் அவர் அதனை ஏற்றார்.

அந்நாட்களிலே கறுப்பினப் பெண்கள் தமக்கெனக் கூட்டங்கள் அமைக்கத் தலைப்பட்டனர். பொஸ்டன் நகரத்துக் கொம்பஹீ ஆற்றுக் குழுவினர் 1977 இல் தம் கொள்கை அறிக்கையை எழுதினர். 1863 இல் ஹரியட் டப்மன் அம்மையார் வழிகாட்ட 750 அடிமைகளுக்கு மேற்பட்டோர் விடுதலை பெற்ற ஆற்றின் பெயரே அக்குழுவின் பெயராயிற்று. இனத்தாலும் பாலாலும் வறுமையாலும் அன்பின் இயல்பாலும் வரும் ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னியவை, அவற்றைத் தனித்தனியே அறுத்தல் இயலாது என்பது அவ்வறிக்கையின் சாரம். அக்குழுவினர் கூடிய அமர்வுகளில் ஓட்ரி லோர்ட்டும் பங்கு கொண்டார். 1980 இல் பார்பரா ஸ்மித் முதலியோருடன் சேர்ந்து அடுக்களை மேசை என்னும் பொருள்தரும் பெயரால் ஒரு பதிப்பகம் நிறுவினார். பெண்கள் கூடிப் பேசுமிடம் அடுக்களையே என்பதனால் அப்பெயர் அமைந்தது. பிறர் பதிப்பகங்கள் நீக்கிய பாட்டுகளுக்கு அங்கே இடம் கிடைத்தது.

நோயும் நூலும்

1977 இல் மார்பகத்திலே கட்டி ஒன்று காணப்பட்டது. அது தீதற்றது எனத் தெளிவதற்குக் கழிந்த மூன்று வாரங்களில், பேசாது விட்டவற்றை எண்ணியே தாம் பெரிதும் வருந்தியதாக அவர் உணர்ந்தார். அவ்வாண்டு திசம்பரில் சிக்காகோவில் அறிஞர் அவையொன்றில் இதனையே பொருளாக்கி உரையாற்றினார். வாய்மூடியிருந்தவர் எவரும் அதனாற் காக்கப்பட்டிலர் என்பது அவ்வுரையின் கருத்து.

மறு ஆண்டு புற்றுநோய் உறுதியாயிற்று. மார்பகம் ஒன்று நீக்கப்பட்டது. செயற்கை மார்பகம் பொருத்திக்கொள்ள வேண்டும் என மருத்துவமனையில் வற்புறுத்தினர். பஞ்சு முதலியவற்றால் இழப்பை மூடி மறைப்பின், அதே இழப்புற்ற பெண்கள் ஒருவரையொருவர் எங்ஙனம் அடையாளம் காண்பர் எனக் கருதி அவர் மறுத்தார். 1980 இல் வெளிவந்த புற்றுநோய் நாட்குறிப்பு நூலில் இவற்றையெல்லாம் எழுதினார். நோயைப் பெயர் கூறவும் அஞ்சிய காலத்திலே அந்நூல் வெளிவந்தது.

1982 இல் ஸாமி என்னும் தன்வரலாற்று நூல் வெளிவந்தது. வாழ்வும் தொன்மக் கதையும் கலந்த வகை என அதனை அவரே வகுத்தார். ஸாமி என்பது நம் சாமி என்னும் சொல்லோடு ஒலியால் ஒத்ததேனும் பொருளால் வேறு. கரியாக்கூத் தீவிலே, தோழியராகவும் காதலராகவும் கூடி உழைத்து வாழும் பெண்களுக்கு வழங்கிய பெயர் அது. தோழியர் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து மருவியது என்பர். கரியாக்கூவின் ஆடவர் பெரும்பாலும் கடலோடிகள். கரையில் நின்ற பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாயினர். தாய்வழியாகக் குடி எண்ணி, மகளுக்கே மனை அளிக்கும் மட்டக்களப்பாருக்குப் பெண்கள் தாங்கி நிற்கும் ஊர் எத்தகையது என்பதை விரித்துரைத்தல் வேண்டா. நியூயோர்க்கில் இழிசொல்லாக வீசப்பட்டதற்கு, அம்மையார் தம் தாயின் தீவிலே ஓர் உயர்ந்த பெயரைக் கண்டெடுத்தார்.

1983 ஒக்டோபரில் அமெரிக்கப் படை கிரெனடாவுட் புகுந்தது. தாம் பிறந்த நாடே தம் தாய்பிறந்த நாட்டைத் தாக்கியதை அம்மையார் ஆண்டிறுதியில் நேரிற் சென்று கண்டு எழுதினார். அவ்வாண்டு யூலையில் நம் நாட்டில் நிகழ்ந்தவற்றை அறிந்தவர்க்கு, தன் நாடே தன்னவரைச் சுடுவதன் வேதனை புதிதன்று.

பிறநாட்டுத் தொண்டும் முடிவும்

1984 இல் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. ஆபிரிக்கத் தந்தையர்க்கும் ஜெர்மானியத் தாயர்க்கும் பிறந்து தனித்தனியே சிதறிக் கிடந்த இளம்பெண்கள் அவர் வகுப்பிலே ஒருவரையொருவர் கண்டனர். தம்மைக் குறிக்க ஒரு நற்பெயரும் அற்றிருந்த அவர்கள் ஆபிரிக்க ஜெர்மானியர் என்னும் பெயரைச் சூடிக்கொண்டனர். மே அயிம், கத்தரினா ஒகுன்டோயெ முதலியோர் 1986 இல் வெளியிட்ட நூல் அம்மக்களின் வரலாற்றை முதன்முதலாகத் தொகுத்துரைத்தது.

அதே 1986 இல், யாழ்ப்பாணத்தில் சித்திரலேகா மௌனகுரு அவர்கள் ஈழத்துப் பெண் கவிஞர் பதின்மரின் பாக்களைச் சொல்லாத சேதிகள் என்னும் பெயரால் தொகுத்து வெளியிடச் செய்தார். பின்னர் அவர் நம் கிழக்குப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராக விளங்கினார். பெர்லினும் யாழ்ப்பாணமும் ஒன்றையொன்று அறியா. எனினும் சொல்லாதவற்றைச் சொல்லும் வேலை ஓராண்டில் ஈரிடத்தும் நிகழ்ந்தது.

புற்றுநோய் 1984 இல் ஈரலைப் பற்றிற்று. இறுதி ஆண்டுகளைக் குளோரியா ஜோசப் அம்மையாருடன் கரிபியக் கடலிலுள்ள செயின்ட் குரோய் தீவிற் கழித்தார். 1991 இல் நியூயோர்க் மாநிலம் அவரைத் தன் அரசவைப் புலவராக மதித்தது. வாழ்வின் கடைநாட்களில் கம்பா அடிசா என்னும் ஆபிரிக்கப் பெயரை ஏற்றார். போர்மறத்தி, தன் கருத்தை விளங்க உரைப்பவள் என்பது அதன் பொருள். 1992 நவம்பர் 17 ஆம் நாள், தம் 58 ஆம் அகவையில், அம்மையார் இயற்கை எய்தினார்.

நாம் கொள்ளத்தக்கது

நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வகுத்தது. ஆடவர் இருவரின் உறவைக் குற்றமாக்கிய அதன் 365அ பிரிவு, 1995 திருத்தத்தில் ஆடவன் என்பதனை ஆள் என மாற்றிப் பெண்டிரையும் அகப்படுத்திற்று. ஒரு சொல்லை மாற்றியதனாலேயே அதுவரை சட்டத்தின் கண்ணிற் படாதிருந்த பெண்கள் குற்றவாளிகளாக்கப்பட்டனர். இக்குற்றத்தை நீக்கக் கொணரப்பட்ட சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என உயர்நீதிமன்றம் 2023 மே மாதத்தில் முடிவுரைத்தது.

சட்டத்தை மாற்றுவோர் வேறு. சொல்லைக் கற்பிக்கும் நமக்கு வேறொரு கடன் உண்டு. மாணாக்கர் ஏட்டிலே நாம் எதிர்பாராத விளியொன்று வருமாயின், சிவப்பு மையை எடுக்குமுன் அவர்களை ஒருமுறை கேட்டல் வேண்டும். தம் பெயரின் ஓரெழுத்தையும் பிறர் விருப்புக்கு விட்டுவிடாத ஓட்ரி லோர்ட் அம்மையாரின் வாழ்க்கை எனக்குக் கற்பித்தது இதுவே. என் மாணவி இன்று எங்கேனும் இருந்து இதனைப் படிப்பாளாயின், அவள் எழுதிய விளியே சரியானது என்பதை அறிவாளாக.